காருக்கு அடியில் மல்லாந்து படு!

கண்ணாடி முன் நின்று “என்னால் முடியும், என்னால் முடியும்” என்று தினமும் காலையில் நூறு முறை சொல்லச் சொல்கிறார்கள். சொல்லிப் பார், தப்பில்லை. நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் தம்பி, அதைச் சொல்லி உலகத்தில் ஒரு நட்டும் கழன்றதாக எனக்குத் தெரியவில்லை. நட்டுக்குக் காது கிடையாது. 14 மில்லிமீட்டர் சாக்கெட், முழ நீளத்துக்கு ஒரு பிடி, முதல்நாள் இரவே விட்டுவைத்த எண்ணெய், இவை மூன்றும்தான் அதற்குப் புரியும் மொழி.

அதனால் கண்ணாடி முன்னாலிருந்து நகரு. பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொள். உன் காருக்கு அடியில் போய் மல்லாந்து படு!

நான் அப்படிப் படுத்தபோது எனக்கு நாற்பது நெருங்கிவிட்டது. இடம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட்டுக்கு வடக்கே ஒரு புறநகர். கார், 2001ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா. இரண்டே இருக்கை, துணிக்கூரை, 1.8 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின். பழையதாக வாங்கியது. 1960களில் இங்கிலாந்துக்காரர்கள் செய்த குட்டி ஸ்போர்ட்ஸ் கார்கள் ஓட்ட அவ்வளவு சுகம், ஆனால் எண்ணெய் ஒழுகும், மழைக்கு மக்கர் செய்யும். அந்தச் சுகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒழுகலை விட்டுவிட்டு ஜப்பான்காரர்கள் செய்தது இது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். 2016இல் பத்து லட்சமாவது வண்டி ஆலையை விட்டு வெளியே வந்தது. புகைக்குழாயிலிருந்து வரும் சத்தத்தைக்கூட வீணைக்குச் சுருதி கூட்டுவதுபோல் கூட்டினார்கள் அதன் பொறியாளர்கள்.

என்னுடையதில் அந்தச் சுருதி எல்லாம் போய்விட்டிருந்தது. சைலன்சரில் ஓட்டை. கிளப்பினால் ஓட்டைத் தகரத்தில் நாய் ஓடுவதுபோல் ஒரு சத்தம். புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், குரோமியம் 18 விழுக்காடு, நிக்கல் 8 விழுக்காடு, ஏறத்தாழ நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தின் உறவு. பெட்டி வந்து கராஜில் இறங்கியது. இறங்கிய இடத்திலேயே ஐந்து மாதம் கிடந்தது.

ஏன் கிடந்தது என்பதைத்தான் உனக்குச் சொல்ல வந்தேன்.

முதல் காரணம், உப்பு. மிச்சிகனில் பனிக்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில் ஏறத்தாழ 1,200 அடி ஆழத்தில் பெரிய உப்புச் சுரங்கமே இருக்கிறது. மேலே கார் செய்யும் ஊர், கீழே காரைத் தின்னும் உப்பு! நான் தூத்துக்குடிக்காரன். உப்பளக் காற்றில் சைக்கிள் ரிம் செதில் செதிலாக உதிர்வதைப் பார்த்து வளர்ந்தவன். அப்படிப்பட்ட எனக்கே இந்த ஊர்க் காரின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது. நட்டு எது, போல்ட்டு எது, குழாய் எது என்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒரே காவி நிறத்தில் ஒட்டிப்போயிருந்தன. ஒரு கடையில் காட்டினேன். “கழலாது. அறுத்தெடுத்துத்தான் மாட்ட வேண்டும்” என்றார்கள். கேட்ட கூலி, வாங்கிய குழாயின் விலையில் பாதி.

கூலி கூடப் பெரிதில்லை. அந்த “கழலாது” இருக்கிறதே, அதை நான் உடனே நம்பினேன் பார், அதுதான் இரண்டாவது காரணம். உண்மையான காரணமும் அதுதான்.

என் அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முதலில் மண்ணெண்ணெயில் கையைக் கழுவுவார், பிறகு சோப்புத்தூளில். அப்படியும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. ஏழெட்டு வயதில் ஒருநாள் ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுக்கப் போனேன். “கைய வைக்காதலே. நீ போய்ப் படி” என்றார். அன்பில் சொன்னதுதான். தன் கை பட்ட பாடு மகன் கைக்கு வேண்டாம் என்று நினைத்த தகப்பனை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்த அன்பு என் கையைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டது. எஞ்சினியரிங் படித்தேன். முதலாமாண்டு ஃபிட்டிங் பயிற்சியில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அரம் வைத்து ராவச் சொல்வார்களே, அதைக்கூட மேல்வகுப்பு அண்ணன் ஒருவரிடம் வாங்கிக் காட்டித்தான் மதிப்பெண் பெற்றேன். பிறகு கணினித் திரையில் ஆயிரக்கணக்கில் போல்ட்டு வரைந்திருக்கிறேன், ஒவ்வொன்றின் மரையையும் மைக்ரான் கணக்கில். ஒன்றையாவது என் கையால் கழற்றியிருக்கிறேனா? இல்லை.

நீயும் இப்படித்தானே? மறைக்காதே. குழாயில் வாஷர் போனால் பிளம்பர், ஃபேன் நின்றால் எலெக்ட்ரீஷியன், சைக்கிள் செயின் கழன்றால்கூட ரோட்டோரக் கடையைத் தேடும் கண். ஆயுத பூஜைக்கு மட்டும் ஸ்பானரை எடுத்துத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துக் கும்பிடுகிறோம். மறுநாள் அதே ஸ்பானரை எடுப்பவனைப் பார்த்து, “படிச்சவன் செய்ற வேலையா இது?” என்கிறோம். கருவிக்கு மாலை, கருவி பிடித்த கைக்கு இளக்காரம்! யார் சொல்லிக் கொடுத்த நியாயம் இது? கை அழுக்கானால் பட்டம் அழிந்துவிடும் என்று எந்தப் பல்கலைக்கழகத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்?

தங்கையே, உனக்கும் சேர்த்துத்தான். கருவிக் கடையில் நீ சாக்கெட் கேட்டால், “வீட்ல ஆம்பிளைங்க யாரும் இல்லையாம்மா?” என்பார்கள். “இருக்காங்க, அவங்களுக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வா.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஆரம்பித்தேன். இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகக் கேள். நெருப்பு நெஞ்சில் இருக்கட்டும், காருக்கு அடியில் வேண்டாம்.

சமதளமான கான்கிரீட் தரை. ஆறிப்போன குழாய். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. வாழ்க்கையில் நமக்கு முட்டுக்கட்டை போட்டவர்களைத் திட்டியே பழகிவிட்டோம், இந்த ஒரு வேலையில் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஜாக்கி வைத்துத் தூக்கு. தூக்கியதோடு ஜாக்கியின் வேலை முடிந்தது. அதற்குமேல் காரைத் தாங்க வேண்டியவை இரும்பு ஸ்டாண்டுகள். கார் தயாரித்தவர்கள் குறித்துக் கொடுத்த இடத்தில் அவற்றை நிறுத்து. நிறுத்திய பிறகு காரை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டு, அடியில் போகும் முன்னால். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஜாக்கியை மட்டும் நம்பி, “ரெண்டே நிமிஷம்தானே” என்று அடியில் நுழைந்தவர்கள் நசுங்கிச் செத்திருக்கிறார்கள். துணிச்சல் என்ற பெயரில் அந்த முட்டாள்தனத்தை உனக்குச் சிபாரிசு செய்ய நான் எழுதவில்லை. கண்ணாடி போட்டுக்கொள். துரு நேராகக் கண்ணில்தான் விழும்.

அன்றிரவு செய்தது ஒன்றே ஒன்று. எல்லா நட்டுகளின் மீதும் துரு இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சிவிட்டுப் போய்ப் படுத்தேன். இரும்பு துருவாகும்போது பருமன் கூடும். மரைக்கும் மரைக்கும் நடுவே இருந்த மயிரிழை இடைவெளியில் துரு ஊதிப் பெருத்து, ஆப்பு வைத்த மாதிரி இறுக்கிவிடும். இந்த எண்ணெய் அவ்வளவு மெல்லியது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அந்த இண்டுக்குள் தானே ஊறிப் போகும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். பத்து நிமிடத்தில் முடியாதது பத்து மணி நேரத்தில் முடியும். நீ குறட்டை விடும்போதும் உன் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்பது எத்தனை பெரிய சுகம், சொல்!

சனிக்கிழமை காலை. சாக்கெட்டில் பன்னிரண்டு முனை, ஆறு முனை என்று இரண்டு வகை உண்டு. துருப்பிடித்த நட்டுக்கு ஆறு முனைதான். மற்றது மூலைகளை மழுங்கடித்துவிடும், அப்புறம் அது நட்டு இல்லை, உருண்டை. சாக்கெட்டை மாட்டி நீளப் பிடியைப் போட்டேன். பிடி இரண்டு மடங்கு நீளமானால் முறுக்கும் இரண்டு மடங்கு. ஏற்றக்கட்டையால் கிணற்று நீரை இறைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முதலில் கழற்றும் பக்கம் இழுக்காதே, இறுக்கும் பக்கம் ஒரு துளி. பிறகு கழற்றும் பக்கம் ஒரு துளி. முன்னே, பின்னே, முன்னே, பின்னே. பிடிவாதக் குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

“டக்!”

ஐயோ, அந்தச் சத்தம்! கையில் பிடியோடு அப்படியே படுத்துச் சிரித்தேன். கழலாது என்று சொன்ன கடைக்காரரின் முகம், “கைய வைக்காதலே” என்ற குரல், அரம் பிடிக்காமல் வாங்கிய மதிப்பெண், எல்லாம் அந்த ஒரு சுற்றில் சேர்ந்து இளகியது. மூளை கலங்கியவனை மரை கழன்றவன் என்பார்கள் நம் ஊரில். அன்று கழன்ற ஒவ்வொரு மரைக்கும் எனக்குப் புத்தி ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த நட்டும் வந்தது. அதற்கடுத்தது, நச்சுப்புகையை மாற்றும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரோடு குழாய் சேரும் இடத்தில் இருந்தது, வரவில்லை. எனக்கோ இரண்டு வெற்றியின் போதை. எண்ணெயும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம் என்று காலை ஊன்றி ஒரே இழுப்பு.

நட்டு ஏறியிருந்த கம்பி, ஸ்டட் என்பார்கள், முறிந்துவிட்டது.

மதியம் இரண்டு மணி. கராஜில் பாதி பிரித்த கார். முறிந்த ஸ்டட்டின் மொட்டை, பிடிக்க ஒன்றுமில்லாமல் பளபளவென்று என்னைப் பார்த்தது. வீட்டுக்குள் போனேன். “திங்கக்கிழமை ஆபீசுக்கு எதுல போவீங்க?” என்றாள் மனைவி. நியாயமான கேள்வி, பதில்தான் இல்லை. அன்றிரவு தூங்கவில்லை. “உனக்கெதற்கு இந்த வேலை?” என்று ஒரு குரல் விடிய விடியக் கேட்டது. அந்தக் குரலை உனக்கும் தெரியும். தேர்வில் தோற்ற அன்று கேட்டிருப்பாய், தொழில் தொடங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட அன்று கேட்டிருப்பாய்.

அதற்குப் பதில் சொல்லி வாதாடாதே! அது உன்னைவிட நன்றாகப் பேசும். எழுந்து போய் ஒரு துளையிடும் கருவியை எடு.

ஞாயிறு காலை அதைத்தான் செய்தேன். முறிந்த ஸ்டட்டின் நட்டநடுவில் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி விலகினால் துளை விலகும், துளை விலகினால் கன்வர்ட்டரின் விளிம்பே வீணாகும். பிறகு மெல்லிய பிட், மெதுவான வேகம், எண்ணெய் சொட்டு. பிறகு கொஞ்சம் பெரியது. பிறகு அதற்கும் பெரியது. இரும்புத்தூள் கண்ணாடியில் தெறிக்க, தோள்பட்டை கழன்றுவிடும் போலாக, மூன்று பிட் முறிந்தது. நாலாவது பிட் மறுபக்கம் எட்டிப் பார்த்தபோது மணி பதினொன்று. அந்த ஓட்டையில் புதுப் போல்ட்டை ஊடுருவ விட்டு அந்தப் பக்கம் ஒரு நட்டுப் போட்டால் தீர்ந்தது. கடையில் அறுத்துக் கொடுத்திருந்தால் எனக்கு ஒரு புதுக் குழாய் கிடைத்திருக்கும். முறிந்ததை என்ன செய்வது என்ற அறிவு கிடைத்திருக்காது. அதற்குப் பிறகு எது முறிந்தாலும் எனக்கு அந்தப் பழைய பயம் வருவதில்லை. பிட் பெட்டி எங்கே என்றுதான் கை தேடுகிறது.

மிச்சம் இருந்ததைப் பூப்போலச் செய்துவிடலாம். பழைய சைலன்சர் ரப்பர் வளையங்களில் ஜிமிக்கி மாதிரி தொங்கும். சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். புதுக் குழாயைத் தூக்கி எல்லா இணைப்பையும் முதலில் தளர்வாகவே மாட்டு. கேஸ்கட் புதியதாக இருக்கட்டும், பழையதில் மிச்சம் பிடிக்காதே. குழாய் எதிலும் உரசாமல், விரல் நுழைய இடம் விட்டுத் தொங்குகிறதா என்று பார்த்த பிறகு முன்னாலிருந்து பின்னாலாக இறுக்கிக்கொண்டு வா. மரையில் கிரீஸ் மாதிரி ஒரு பசை தடவுவார்கள், அடுத்த முறை சுலபமாகக் கழல. அடுத்த முறை என்று ஒன்று உண்டு என நினைத்து வேலை செய்பவனைத்தான் நான் வேலைக்காரன் என்பேன்.

கன்வர்ட்டரை மட்டும் தொடாதே. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடு நச்சுப்புகையைப் பாதியிலேயே எரித்து மாற்றுகிறது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து பெரும்பாலான கார்களில் வந்துவிட்டது. மிச்சிகனில் காருக்கு ஆண்டுப் புகைச் சோதனை கிடையாது, கழற்றி எறிந்தாலும் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். கழற்றுவது நாட்டின் சட்டப்படி குற்றம். அது இருக்கட்டும், பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சில் கை வைத்து உனக்கு என்ன வீரம்? மாற்ற வேண்டியது கன்வர்ட்டருக்குப் பின்னால் வரும் குழாயை மட்டும்தான்.

சத்தத்துக்கும் இதே நியாயம். கலிபோர்னியாவில் இந்த மாதிரிக் காருக்கு 95 டெசிபெல் என்று வரம்பே உண்டு. நம் நாட்டில் சைலன்சரை இஷ்டத்துக்கு மாற்றுவதே குற்றம். பறிமுதல் செய்த சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கும் படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பாய். எனக்கு அதைப் பார்த்து வருத்தம் வந்ததில்லை. அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் 1897இலேயே சத்தம் அடக்கும் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார்கள், குதிரைகள் மிரண்டதால் அல்ல, மனிதர்கள் மிரண்டதால் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நடு இரவில் தெருவையே எழுப்பிப் போகிறவனிடம் தன்னம்பிக்கை இருப்பதாக நினைத்து ஏமாறாதே. குறைகுடம் தளும்புகிறது, அவ்வளவுதான்.

என்னுடைய புதுக் குழாய் எப்படி? நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நொடிக்கு 100 வெடிப்பு. நெடுஞ்சாலையில் அந்த வேகத்தைத் தொடும்போது காதுக்குள் ஒரு கருவண்டு புகுந்ததுபோல் ரீங்காரம். இது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். குதிரைத்திறன் கூடியதா என்று கேட்பவர்களுக்கு, கூடியிருந்தால் ஒன்றிரண்டு. முதுகுவலி கூடியது அதைவிட அதிகம். இதற்காகவா இத்தனை பாடு என்று கேட்பாய். ஆமாம், இதற்காகத்தான்! ஐந்து மாதம் பெட்டியிலேயே கிடந்தது குழாய் மட்டும் இல்லையே!

ஞாயிறு மாலை எட்டரை மணி. வெளிச்சம் இன்னும் இருந்தது. காரை கராஜுக்குள் கிளப்பவில்லை, வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, மூடிய இடத்தில் ஆளைத் தூங்க வைத்தே கொன்றுவிடும். சாவியைத் திருப்பினேன். இருமல் இல்லை, தகரச் சத்தம் இல்லை. அடித்தொண்டையில் சுத்தமான ஒரு கார்வை. மனைவி வாசலுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

தூத்துக்குடியில் அப்போது திங்கள் காலை ஆறு மணி. அப்பா நாலு மணிக்கே எழுந்துவிடுபவர். வீடியோவில் கூப்பிட்டுக் கையைக் காட்டினேன். நகக்கண் எல்லாம் கறுப்பு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு போனைக் கொண்டுபோய்க் குழாய் அருகே பிடித்தேன். கொஞ்ச நேரம் மௌனம். போன் அணைந்துவிட்டதோ என்று பார்த்தால், அப்பா கண்ணை மூடிக் காதைப் போனில் வைத்திருந்தார்.

“ஏலே, முன்னாடி ஜாயின்ட்ல லேசா ஒழுகுது. டிக்டிக்னு கேக்குல்லா?”

எனக்குக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொடுத்தேன். கேட்டது.

“சூடு ஆறட்டும். ஆறினப்புறம் இன்னொரு தரம் முறுக்கு. எத்தனாம் நம்பர் ஸ்பானர்?”

“பதினாலுப்பா.”

“அதை எனக்குக் காட்டு.”

காட்டினேன்.